பிறந்தநாளில் உறவுகளையும் பழைய நண்பர்களையும் பார்க்கப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விருந்து வைத்து எல்லோரையும் கூப்பிடாமல், பிறந்தநாளன்று நாமே கிளம்பிப் போய்ச் சொந்தக்காரர்களையும் பழைய நண்பர்களையும் பார்த்துவிட்டு வருவது பற்றிய பக்கம் இது. அப்படிச் செய்ய நினைப்பவர்களுக்கு வரும் சந்தேகங்களும், அவற்றுக்கு எனக்குத் தோன்றும் பதில்களும்.

பிறந்தநாள் நமக்கு. அவர்கள்தானே வந்து வாழ்த்த வேண்டும்? நாமே போய் நிற்பது ஒரு மாதிரி இருக்காதா?

இருக்காது. விருந்து வைத்தால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வருகிறவரை வாசலில் வரவேற்கிறோம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறோம், அதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். ஐம்பது பேர் வந்து மூன்று மணி நேரம் இருந்தால் ஆளுக்கு மூன்றரை நிமிஷம்தான் கிடைக்கும். அதிலும் பாதி போட்டோவுக்கு நிற்பதில் போய்விடும். அதே மூன்று மணி நேரத்தை ஒரு வீட்டில் உட்கார்ந்து செலவழித்தால், கடைசியாக எப்போது இவ்வளவு பேசினோம் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்வீர்கள்.

இன்னொன்றும் உண்டு. முழங்கால் வலிக்காரர், படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர், கைக்குழந்தைக்காரி, இரவு வேலைக்குப் போகிறவர் எல்லாம் விருந்துக்கு வர மாட்டார்கள். நாம் பார்க்க வேண்டியவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

அப்புறம், பிறந்தநாள் ஒரு நல்ல சாக்கு. சும்மா ஒரு நாள் போய் நின்றால் "என்ன விஷயம், திடீர்னு?" என்று கேட்பார்கள். அன்றைக்குப் போனால் அந்தக் கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கிறது.

யார் யாரைப் பார்ப்பது? பட்டியல் போட்டால் நீண்டுகொண்டே போகிறது.

நீளத்தான் செய்யும். ராபின் டன்பார் என்ற மானுடவியலாளர் மனிதர்களின் உறவுகளை வட்டம் வட்டமாகப் பிரித்துக் காட்டினார். மிக நெருக்கமானவர்கள் சுமார் 5 பேர், அவர்களையும் சேர்த்து நல்ல நண்பர்கள் சுமார் 15, அடுத்த வட்டம் 50, அதற்கும் வெளியே 150 என்று போகும் அது. உங்கள் பட்டியல் நாற்பதைத் தாண்டினால், நீங்கள் மூன்றாவது வட்டத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கெல்லாம் போன் போதும்.

முதல் வட்டத்து ஐந்து பேரை எப்படியும் அடிக்கடி பார்ப்பீர்கள். பிறந்தநாளுக்கு நான் தேர்ந்தெடுக்கச் சொல்வது, ஒரு காலத்தில் அந்த ஐந்துக்குள் இருந்துவிட்டு, சண்டை எதுவும் இல்லாமலே, வீடு மாறி வேலை மாறி விலகிப் போனவர்களை. சின்ன வயதில் விடுமுறை முழுக்க உங்களை வைத்துக்கொண்ட அத்தை, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன், முதல் வேலையில் தொழில் கற்றுக்கொடுத்தவர். யாரைப் பற்றி "போய்ப் பார்க்கணும், போய்ப் பார்க்கணும்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களோ, அவர் பெயர்தான் முதல் வரியில் வர வேண்டும்.

ஒரே நாளில் எத்தனை வீடு போகலாம்?

இரண்டு. மனது கேட்காவிட்டால் மூன்று. நான்காவது வீட்டுக்குப் போகும்போது முகத்தில் களைப்பு தெரியும், கண் கடிகாரத்துக்குப் போகும். அதைப் பார்ப்பவர்கள் "சரி, நீ கிளம்பு, இன்னும் எங்கெல்லாம் போகணுமோ" என்று அவர்களாகவே அனுப்பி வைத்துவிடுவார்கள். அதற்குப் போகாமலே இருக்கலாம்.

ஒரு வீட்டில் அரை மணி நேரம் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. முதல் அரை மணி நேரம் விசாரிப்பில் போய்விடும்: யார் எங்கே இருக்கிறார்கள், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், முட்டி வலி எப்படி இருக்கிறது. பேச்சு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். முக்கியமான விஷயம் இன்னும் தாமதமாக வரும். நீங்கள் எழுந்து, பையை எடுத்து, வாசலில் ஒரு செருப்பில் கால் நுழைத்து மற்றொன்றைத் தேடும்போது, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் "ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன்" என்பார். டாக்டர் சொன்னதோ, மகனோடு பேச்சு நின்றுபோனதோ, வீட்டை விற்கப் போவதோ, எதுவாகவும் இருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போய் உட்கார நேரம் இருக்க வேண்டும். அந்த இடைவெளியைச் சேர்த்தே நாளைத் திட்டமிடுங்கள்.

சொல்லிவிட்டுப் போவதா, திடீரென்று போய் நிற்பதா?

சொல்லிவிட்டுத்தான். "சர்ப்ரைஸ்" நமக்குத்தான் சுவாரஸ்யம். எதிரே நிற்பவர் பழைய நைட்டியிலோ கைலியிலோ, கூடம் முழுக்கத் துவைத்த துணியோடு மாட்டிக்கொள்வார். இரண்டு மூன்று நாள் முன்னால் ஒரு போன், கிளம்பும்போது ஒரு போன் போதும். எத்தனை பேர் வருகிறீர்கள், சாப்பிட இருப்பீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் அங்கே ஒருவர் காலையிலிருந்து அடுப்படியிலேயே நிற்பார், பேச வந்த ஆளோடு பேச முடியாமல்.

உடம்பு முடியாதவர் இருக்கும் வீடானால், எந்த நேரம் தோது என்று அவரைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கேளுங்கள். உங்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் போகவே வேண்டாம். புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். நமக்குச் சாதாரணச் சளியாக இருப்பது அவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும்.

அன்றைக்கு என் பிறந்தநாள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

ஆளைப் பொறுத்தது. சொன்னால் ஏதாவது வாங்கி வைக்க வேண்டுமே என்று திண்டாடுகிறவர்களிடம் சொல்லாதீர்கள், பேச்சோடு பேச்சாக அங்கே போய்ச் சொல்லலாம். ஆனால் உங்கள் பிறந்தநாளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களிடம் மறைக்க வேண்டாம். அவர்களுக்கு அது ஒரு பெருமை.

பல வருஷமாகப் பேசாத நண்பர். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். இந்தத் தயக்கம் உங்களுக்கு மட்டும் இல்லை. லாரா அக்னின், கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. பழைய நண்பரோடு மறுபடி பேச ஆசை இருக்கிறது, அவருக்கும் பிடிக்கும் என்று தெரிகிறது, நம்பரும் இருக்கிறது, செய்தி எழுத அங்கேயே நேரமும் கொடுத்தார்கள். அப்படியும் அனுப்பியவர்கள் மூன்றில் ஒருவர் அளவுதான். முன்பின் தெரியாதவரோடு பேசுவதற்கு எவ்வளவு தயங்குவோமோ அவ்வளவு தயக்கம் பழைய நண்பரிடமும் வருகிறதாம். அதே ஆய்வில் ஒரு வழியும் கிடைத்தது. முதலில் சில நிமிஷம் இப்போதைய நண்பர்களுக்குச் செய்தி அனுப்ப வைத்துவிட்டு, பிறகு பழைய நண்பருக்கு எழுதச் சொன்னபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் அனுப்பிவிட்டார்கள். ஆகவே அன்றாடம் பேசுகிற இரண்டு பேருக்கு ஏதாவது அனுப்பிவிட்டு, கை சூடாக இருக்கும்போதே அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

அந்தப் பக்கம் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கும் பதில் இருக்கிறது. பெக்கி லியூவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாம் திடீரென்று தொடர்புகொள்வது எதிராளிக்கு எவ்வளவு சந்தோஷம் தரும் என்பதை நாம் குறைவாகவே மதிப்பிடுகிறோம். எதிர்பாராமல் வந்த அழைப்பாக இருந்தால் சந்தோஷம் இன்னும் கூடுகிறது. நாம் எதை நினைத்துத் தயங்குகிறோமோ, அந்த நீண்ட இடைவெளியே நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது.

இன்னொரு கணக்கும் எனக்குப் பிடிக்கும். ஒருவர் நெருங்கிய நண்பராக மாற 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று ஜெஃப்ரி ஹால் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் 2018இல் எழுதினார். ஐம்பது வயதில் புதிதாக ஒருவரோடு அந்த 200 மணி நேரத்தை எங்கே போய்த் தேடுவது? பழைய நண்பரிடம் அது எப்போதோ செலவாகிவிட்டது. விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

என்ன எழுதுவது என்றால் சுருக்கமாக, காரணத்தோடு எழுதுங்கள். "ரொம்ப நாளா பேசல. வர்ற வெள்ளிக்கிழமை என் பிறந்தநாள். அன்னைக்கு உன்னைப் பார்க்கணும்னு தோணுது. சாயங்காலம் வீட்டில் இருப்பியா?" இவ்வளவு போதும். ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினால், பதிலுக்கு அவரும் ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கும். எழுத மாட்டார்.

கடன் கேட்கவோ எதையாவது விற்கவோ வருகிறேன் என்று நினைத்துவிட்டால்?

நினைப்பார்கள்தான், தப்பில்லை. பல வருஷம் கழித்து வருகிற போன்களில் பாதி அப்படித்தான் முடிகிறது. அதனால்தான் காரணத்தை முதல் வரியிலேயே சொல்லச் சொன்னேன். அன்றைக்கு நிஜமாகவே எந்த உதவியும் கேட்காதீர்கள். மகனுக்கு ஒரு வேலை, தெரிந்த டாக்டர், ஒரு சிபாரிசு எதுவாக இருந்தாலும் பிறகு ஒரு நாள் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். அன்று கேட்டுவிட்டால் வந்ததே அதற்குத்தான் என்று ஆகிவிடும்.

போய் உட்கார்ந்த பிறகு பேச்சு ஓடாவிட்டால்?

பழைய நாளைத் தொடுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையின் நினைவுகளைச் சொல்லச் சொன்னால், 10 வயதிலிருந்து 30 வயதுவரை நடந்தவைதான் கொத்தாக வந்து விழுகின்றன என்பது உளவியலில் பல முறை பார்க்கப்பட்ட விஷயம். உங்கள் பழைய நண்பர்கள் பெரும்பாலும் அந்த இருபது வருஷத்தில் கிடைத்தவர்கள். அவர்களிடம் பேச விஷயம் இல்லாமல் போவது கஷ்டம்.

வீட்டுப் பெரியவர்களிடம் பழைய போட்டோ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரியம்மா எழுந்து போய், பீரோவின் அடித்தட்டில் துணிகளுக்குக் கீழே இருக்கும் தகர டப்பாவை எடுத்து வருவார். மூடி துருப்பிடித்து இறுகியிருக்கும், கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டியிருக்கும். உள்ளே ஓரம் நெளிநெளியாக வெட்டிய கறுப்பு வெள்ளைப் படம், பின்னால் பென்சிலில் வரிசையாகப் பெயர்கள், அதில் ஒரு பெயர் மட்டும் அடித்துத் திருத்தியிருக்கும். "இது யாரு?" என்று விரல் வையுங்கள். ஒரு ஆளைப் பற்றிக் கேட்டால் மூன்று பேர் கதை வரும், அதில் ஒன்று இதுவரை உங்களுக்கு யாரும் சொல்லாத கதையாக இருக்கும். பெயர்களை அங்கேயே, அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர் ஒருவேளை அவர் ஒருவர்தான்.

உங்கள் சாதனை, சம்பளம், பிள்ளைகளின் மதிப்பெண் இவற்றை அவர்கள் கேட்டால் சொல்லுங்கள். நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். உங்கள் பிறந்தநாள் என்பதற்காக அன்றைய பேச்சும் உங்களைப் பற்றியே இருக்க வேண்டும் என்றில்லை.

வயதானவர்களோடு பேசும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

காது முதலில். வயதாகும்போது கேட்கும் திறன் உச்ச ஒலிகளிலிருந்துதான் குறைய ஆரம்பிக்கிறது. குரல் கேட்கும், ஆனால் ச, ஸ போன்ற எழுத்துகள் நழுவிப் போய் வார்த்தை புரியாது. கத்தினால் சத்தம்தான் கூடும், தெளிவு கூடாது. டிவியை நிறுத்தச் சொல்லி, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே உட்கார்ந்து, நிதானமாகப் பேசுங்கள். ஒரே நேரத்தில் நாலு பேர் பேசினால் அவர் சிரித்துச் சமாளிப்பார், ஒன்றும் காதில் விழுந்திருக்காது. கூட்டமான விருந்தில் தாத்தாக்கள் ஒரு மூலையில் மௌனமாக உட்கார்ந்திருப்பதற்கு இதுவும் காரணம். வீட்டுக்கே போய்ப் பார்ப்பதில் இருக்கிற பெரிய லாபம் இதுதான் என்பேன்.

மறதி நோய் இருப்பவரானால் "நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். விளையாட்டாகக் கேட்டாலும் பதில் வராதபோது அவர் கூனிக் குறுகிப் போவார். "நான் உங்க தங்கச்சி மகன், இன்னார்" என்று நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள். இறந்துபோன ஒருவர் இப்போது வருவார் என்று அவர் சொன்னால் திருத்த வேண்டாம், அந்த ஆளைப் பற்றி ஒரு நல்ல விஷயத்தைக் கேளுங்கள். இவர்களில் பலருக்குச் சாயங்காலம் ஆக ஆகக் குழப்பம் கூடும், அதனால் காலையில் போவது நல்லது.

நண்பன் இறந்துவிட்டான். அவனுடைய அப்பா அம்மா இருக்கிறார்கள். அங்கே போகலாமா? பிறந்தநாளும் அதுவுமாகப் போய் அவர்களை அழ வைப்பதா?

போங்கள். அழுதாலும் அழட்டும். பிள்ளையை இழந்தவர்களிடம் கொஞ்ச நாளில் யாரும் அந்தப் பெயரையே எடுப்பதில்லை, நினைவூட்டக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில்தான். அவர்கள் மறந்திருந்தால் அல்லவா நினைவூட்ட! அவன் பெயரைச் சொல்லி, அவர்களுக்குத் தெரியாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று சொல்லிவிட்டு எங்கே போனீர்கள் என்பதை இப்போது சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. அவர்களுக்குத் தெரியாத மகனைப் பற்றி இன்னும் சொல்லக்கூடியவர்கள் நீங்களும் இன்னும் இரண்டு மூன்று பேரும்தான்.

உங்கள் வயதைப் பார்த்து, அவன் இருந்தால் இப்போது இவ்வளவு வயது என்று அவர்கள் மனதில் கணக்கு ஓடும். ஓடட்டும், அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். பிறந்தநாள் என்பதை மட்டும் நீங்களாகச் சொல்ல வேண்டாம். அவர்களே கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

மனஸ்தாபம் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு இந்தச் சாக்கில் போகலாமா?

சின்ன மனஸ்தாபம் என்றால் தாராளமாக. கூப்பிடவில்லை, கேட்கவில்லை, சொல்லவில்லை என்ற வகையெல்லாம் நேரில் போய் உட்கார்ந்த பத்தாவது நிமிஷத்தில் கரைந்துவிடும். சொத்து, கோர்ட், அடிதடி என்று போயிருந்தால் பிறந்தநாள் அதற்கு உதவாது. அதற்கு நடுவில் ஒரு ஆள், தனியாக ஒரு நாள் எல்லாம் வேண்டும். உங்களைக் காயப்படுத்திய ஒருவரை, "ரத்த சம்பந்தம்" என்று நாலு பேர் சொல்வதற்காகப் போய்ப் பார்க்க வேண்டிய கட்டாயம் எந்த நாளிலும் இல்லை.

கையில் என்ன கொண்டு போவது?

பெரிதாக எதுவும் வேண்டாம். விலை உயர்ந்த பொருளைக் கொடுத்தால் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற பாரத்தையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். பழைய போட்டோ ஒன்றைப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

சொந்தக்காரர் வீட்டுக்குச் சரி. பழைய நண்பரை முதல் தடவை பார்க்கும்போது தனியாகப் போவதே நல்லது. உங்கள் இருவருக்கும் சிரிப்பு வருகிற விஷயம் எதுவும் கணவருக்கோ மனைவிக்கோ புரியாது, பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் "எப்போ போறோம்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

போட்டோ எடுக்கலாமா?

கிளம்பும்போது ஒன்று. லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் போட்டோ எடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிட அவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனது விட்டுவிடுகிறது. எடுத்த படத்தை அவர்களைக் கேட்காமல் பொதுவில் போடாதீர்கள். உங்களுக்கு அது நண்பர், அவருக்கு அது முடி கொட்டிப்போன முகம். தவிர, "அவன் வீட்டுக்குப் போயிருக்கான், நம்ம வீட்டுக்கு வரல" என்று மூன்று பேராவது கணக்கு வைப்பார்கள்.

அன்று முழுக்க வாழ்த்து போன் வந்துகொண்டே இருக்குமே?

சைலன்ட்டில் போடுங்கள். ராத்திரி உட்கார்ந்து எல்லோருக்கும் பதில் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அம்மா அப்பாவுக்கு மட்டும் காலையிலேயே நீங்களாகக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.

பிறந்தநாள் வேலை நாளில் வருகிறது. என்ன செய்வது?

ஒரு வருஷம் என்பது 52 வாரமும் ஒரு நாளும். அதனால் பிறந்தநாள் வருஷத்துக்கு ஒரு கிழமை தள்ளும், நடுவில் லீப் நாள் வந்தால் இரண்டு. நாம் வாழும் காலத்தில் 28 வருஷத்துக்கு ஒரு சுற்று முடிகிறது, அதில் ஒவ்வொரு கிழமையும் நான்கு தடவை வரும். சனி, ஞாயிறு சேர்த்து எட்டு தடவை. மீதி இருபது வருஷமும் வேலை நாள்தான். ஆகவே விடுமுறையில் வரட்டும் என்று காத்திருப்பது வீண். லீவு கிடைத்தால் போடுங்கள், கிடைக்காவிட்டால் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். பார்க்க வேண்டியவர் எண்பதைத் தாண்டியவராக இருந்தால் அடுத்த வருஷத்துக்கு மட்டும் தள்ளாதீர்கள்.

எல்லோரும் ரொம்ப தூரத்தில் இருந்தால்?

வீடியோ அழைப்பு இருக்கிறது, ஆனால் ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். பத்துப் பேரை ஒரே திரையில் சேர்த்தால் அதுவும் பழைய விருந்துக் கதைதான். வருஷத்துக்கு ஒரே ஒரு ஆளை நேரில் போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டாலும் போதும். தனியாக வண்டி ஓட்டிப் போகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கால் மணி நேரமாவது நிறுத்தி இறங்குங்கள். திரும்பும் பயணத்தை ராத்திரியில் வைக்காதீர்கள், பேசிக் களைத்த உடம்பு தூக்கத்துக்குத் தயாராக இருக்கும்.

நான் பிறந்தது பிப்ரவரி 29.

28ஆம் தேதியா மார்ச் 1ஆம் தேதியா என்று குழம்ப வேண்டாம், பார்க்கப் போகிறவர்களுக்கு எது தோதோ அதுவே உங்கள் பிறந்தநாள். அசல் தேதியில்தான் போவேன் என்றால் 2028இல் அது செவ்வாய்க்கிழமை, 2032இல் ஞாயிற்றுக்கிழமை. மூன்று வீட்டுத் திட்டத்தை 2032க்கு வைத்துக்கொள்ளுங்கள்.